லோங்காங்கு அடைச்சா யாரைக் கேக்குறது?

வணக்கம் நேயர்களே. என்னைக் கூப்பிட்டப்போ "பெண்களும் அரசியலும் பத்திப் பேசுங்க டீச்சர்"னு சொன்னாங்க. ஆனா பார்லிமெண்ட் கதையெல்லாம் நான் பேசப் போறதில்ல, அதுக்கு டிவில நிறைய பேர் இருக்காங்க. நான் பேசப் போறது லோங்காங்கு (அதான் சாக்கடைக் கால்வாய்), தெருவிளக்கு, குப்பை லோரி, இதுங்களத்தான். மலேசியாவுல நம்ம மாதிரி எஸ்டேட் டவுன்ல வறுமைங்கிறது சம்பள சிலிப்புல மட்டும் இல்லைங்க, லோங்காங்கு அடைச்சு டிங்கி வந்தா தினச்சம்பளக்காரிக்கு அந்த வாரமே போச்சு, விளக்கு எரியாத ரோட்டுல நைட் ஷிப்ட் முடிச்சு வரணும்னா சம்பாதிச்சதுல பாதி கிராப் டாக்சிக்குப் போகுது, பிள்ளைய விட்டுட்டுப் போக இடம் இல்லன்னா வேலைக்கே போக முடியல.

தோட்டத்துல இருந்தப்போ மஜ்லிஸ்னு, அதான் உள்ளாட்சி மன்றம்னு, ஒண்ணு இருக்குறதே நமக்குத் தெரியாது. தோட்டம் தனியார் நிலம், தண்ணி, விளக்கு, பிள்ளைங்களைப் பாத்துக்குற ஆயா கொட்டகை எல்லாமே மேனேஜர் கையில. வேலையை மேற்பார்வை பாக்குற மண்டோர்கிட்ட சொல்லணும், அவர் ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லணும், கிராணிக்கு மனசு வந்தா தொரைகிட்ட போகும். அப்புறம் தோட்டத்தை வித்தாங்க, ஃப்ளாட்டுக்கும் தாமான் வீடுங்களுக்கும் வந்தோம், ஆயா கொட்டகை போச்சு. இப்ப ரோடும் லோங்காங்கும் பாக்க வேண்டியது மஜ்லிஸ். நாம என்னடான்னா இன்னமும் யாரோ ஒரு அண்ணன் மூலமா "சொல்லி வைக்கிறோம்".

மஜ்லிஸ்ல கவுன்சிலர் எப்படி வர்றாருன்னு நிறைய பேருக்குத் தெரியாது. ஓட்டுப் போட்டு இல்ல. 1965-ல இந்தோனேசியா மோதல் நேரத்துல உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினாங்க, 1976-ல வந்த உள்ளாட்சிச் சட்டத்தோட அது ஒரேயடியா போயிருச்சு. நடுவுல ஒரு அரச விசாரணை ஆணையம் போட்டாங்க, தலைவர் யாரு தெரியுமா, நம்ம செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வரணும்னுதான் அந்த ஆணையம் சொல்லிச்சு, அரசாங்கம் ஏத்துக்கல. அவர் மனைவி ஜானகி, நேதாஜியோட ஜான்சி ராணி படையில இருந்தவங்க, பின்னால அவங்களும் செனட்டர் ஆனாங்க. அப்படிப்பட்ட பொம்பளைங்க இருந்த சமுதாயம்தான் நம்மளது, இப்ப கட்சியில மகளிர் பகுதின்னா பொங்கலுக்குப் பானை தூக்குற பகுதின்னு ஆக்கி வச்சிருக்கோம், யாரும் கோவிச்சுக்காதீங்க.

இப்ப நடைமுறை என்னன்னா, மாநில அரசு நியமிக்குது, ஒரு மஜ்லிஸ்ல 8 பேர்ல இருந்து 24 பேர் வரைக்கும், ஒரு தடவைக்கு மூணு வருஷத்துக்கு மேல போகக்கூடாது. பேர் பெரும்பாலும் கட்சி லிஸ்ட்ல இருந்து வருது, அந்த லிஸ்ட் எழுதுறது ராத்திரி பத்து மணிக்கு மேல நடக்குற மீட்டிங்ல, அங்க எந்தப் பொம்பளை போய் உக்காருவா? ஆனா சட்டத்தைப் படிச்சுப் பாருங்க, கட்சி ஆளா இருக்கணும்னு எங்கயும் இல்ல. உள்ளாட்சி அனுபவம் உள்ளவங்க, தொழில்ல பேர் எடுத்தவங்க, இல்லாட்டி தன் சமூகத்தோட நலனை எடுத்துச் சொல்லக்கூடியவங்கன்னு இருக்கு. அந்த மூணாவது வகையில நம்ம கோயில் அன்னதானக் கணக்கை ஒரு சென் பிசகாம எழுதுற அக்கா வரமாட்டாங்களா?

இந்தியாவுல 1993-ல இருந்து பஞ்சாயத்துல மூணுல ஒரு பங்கு இடம் பெண்களுக்குன்னு சட்டம், தமிழ்நாட்டுல 2016-ல அதைப் பாதியாக்கினாங்க. உடனே "அங்க புருஷன்தானே நாற்காலியில உக்காந்திருக்கான்"னு சொல்வீங்க. உண்மைதான், நிறைய ஊர்ல அப்படி நடக்குது. ஆனா அதோட கதை முடியல. ஆய்வாளருங்க ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் (2019-ல நோபல் பரிசு வாங்கின அம்மா) மேற்கு வங்காளத்துலயும் ராஜஸ்தான்லயும் போய்ப் பாத்தாங்க. எந்த ஊர் தலைவர் பதவி பெண்ணுக்குன்னு முறைவச்சு மாத்தி மாத்தி ஒதுக்குறதால, ஒதுக்கின ஊரையும் ஒதுக்காத ஊரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க முடிஞ்சுது. பெண் தலைவர் இருந்த ஊர்ல குடிதண்ணி வேலை கூடுதலா நடந்திருக்கு, ரெண்டு மாநிலத்துலயும். தண்ணி எடுத்தவளுக்குத்தான் தண்ணி தூரம் தெரியும், வேற ரகசியம் ஒண்ணும் இல்ல.

அவ்வளவு தூரம் ஏன், நம்ம பினாங்கு மாநிலத்தைப் பாருங்க. அங்க பெண்கள் மேம்பாட்டுக் கழகம் ரெண்டு மஜ்லிஸோடயும் சேர்ந்து 2012-ல ஒரு திட்டம் ஆரம்பிச்சுது, மலிவு விலை ஃப்ளாட்டுக்கே போய், ஆம்பளை பொம்பளை, வயசானவங்க, பிள்ளைங்க எல்லாரையும் தனித்தனியாக் கேட்டு, திட்டத்துக்கான காசை எதுக்குச் செலவு பண்ணலாம்னு ஓட்டும் வாங்கினாங்க. தனித்தனியாக் கேட்டதுதான் இதுல முக்கியம், எல்லாரையும் ஒரே ஹாலுல உக்கார வச்சா யார் மைக்கைப் பிடிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இங்க தேர்தல் எப்ப வரும்னு காத்துட்டு இருக்க வேணாம். மஜ்லிஸோட முழுக்கூட்டம் பொதுமக்கள் உக்காந்து பாக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு, வேணாம்னு அவங்க தீர்மானம் போட்டாதான் கதவைச் சாத்தலாம். உங்க வட்டாரக் கவுன்சிலர் பேரையும் போன் நம்பரையும் கேட்டு வாங்குங்க, சுக்காய் பிந்துன்னு வீட்டு வரி கட்டுறீங்கள்ல, கேக்குறதுக்கு வெக்கம் எதுக்கு? புகாரை வாயால சொல்லாதீங்க, எழுதி, நாலு வீட்டுப் பொம்பளைங்க கையெழுத்து போட்டு, ஒரு காப்பி வச்சுக்குங்க, அடுத்த நியமனம் வரும்போது உங்க மக்கள் பிரதிநிதி ஒய்பிகிட்ட ஒரு பேர் குடுங்க, ஒரு பொம்பளை பேரு.

அறிவிப்பாளர் தம்பி இப்பதான் ஒரு சீட்டு நீட்டினாரு, "ஆண்கள் என்ன செய்யலாம்"னு கேக்குறாங்களாம். கூட்டம் வேலை நாள்ல நடந்தா அன்னைக்கு ஒரு நாள் லீவு போட்டு பிள்ளையைப் பாத்துக்குங்க, மஜ்லிசுக்கு பஸ் கிடையாது, வீட்டுப் பொம்பளைங்களைக் கார்ல கொண்டுபோய் விடுங்க. உள்ள வந்து அவங்களுக்குப் பதிலா பேச வேணாம்.