கோழி ஏறிய விண்கலம்

நேயர்களுக்கு வணக்கம். 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறுவர் விண்வெளிக் கதையை, தலை நரைத்த பிறகு முதன்முறையாகப் படித்து மகிழ்ந்தேன். எலினார் கேமரன் தம் மகன் ஆசையோடு கேட்டதற்காக எழுதிய காளான் கோள் கதை அது. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முந்தியது.

கலிஃபோர்னியாவின் கடலோர ஊரான பசிபிக் குரோவில் வாழும் டேவிட், சக் என்னும் சிறுவர்கள், செய்தித்தாளில் பச்சை மையில் அச்சான விளம்பரம் ஒன்றைக் காண்கிறார்கள். 8 முதல் 11 வயதுக்குட்பட்ட சிறுவர்கள் கட்டிய, எட்டடி நீளமுள்ள விண்கலம் தேவை. எதையும் விலைக்கு வாங்க வேண்டாம். பெரியவர்களிடம் யோசனை கேட்கவும் கூடாது. இந்த நிபந்தனையைப் படித்தபோது, வெளியே நிறுத்தப்பட்ட பெரியவர்களில் நானும் ஒருவன் என்பது உறைத்தது; சிரிப்பும் வந்தது.

தாங்கள் கட்டிய விண்கலத்தில் அச்சிறுவர்கள் செல்லும் பசிடியம் என்ற குட்டிக்கோள் பூமியிலிருந்து 50,000 மைல் தொலைவில், சாதாரணத் தொலைநோக்கிக்குத் தென்படாமல் சுற்றிவருகிறதாம். அவ்வளவு சிறிய கோளின் ஈர்ப்புவிசை காற்றைப் பிடித்துவைக்காது என்று பள்ளிப் பாடம் சொல்கிறது. கதையிலோ அங்கே காளான் மனிதர்கள் மூச்சுவிட்டு வாழ்கிறார்கள். காளானின் வித்துகளைத் தாங்கும் உறுப்புக்குப் பசிடியம் என்று பெயர் என்பதைத் தாவரவியல் படித்தவர் உடனே கண்டுகொள்வார். குழந்தைக்கோ அது வெறும் விநோத ஓசைதான்.

வானத்தில் இத்தனை தாராளம் காட்டும் ஆசிரியர், அடுக்களை விஷயத்தில் கறாராக இருக்கிறார். பயணம் ராசியாக அமைய ஏதேனும் ஓர் உயிரை உடன் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லப்பட, சிறுவர்கள் கடைசி நேரத்தில் ஒரு கோழியைத் தூக்கிக்கொள்கிறார்கள். வேடிக்கைக்காகச் சேர்த்தது என்றே நினைத்துக் கடந்துபோனேன். காளான் மனிதர்கள் நோயுற்று வாடுவது கந்தகச் சத்துக் குறைவால் என்று தெரியவரும்போதுதான், மருந்து அந்தக் கோழியின் முட்டையில் இருப்பது புலப்படுகிறது. முட்டைப் புரதத்தில் கந்தகம் இருப்பது உண்மை. அழுகிய முட்டையின் நாற்றமும், அதிகம் வெந்த மஞ்சள் கருவைச் சுற்றிப் படியும் பசிய வளையமும் அதனால் வருபவையே. பல ஆண்டுகளாக முட்டை உரித்துவரும் நான், அந்த வளையத்தை ஒரு கதையின் முடிச்சாக எண்ணிப் பார்த்ததே இல்லை.

அந்தக் கோழியின் பெயர் திருமதி பென்னிஃபெதர். ‘திருமதி’ என்ற மரியாதைக்காகவே புத்தகத்தை இரண்டாம் முறையும் படித்தேன். வணக்கம்.