விருது அவருக்கு, கண்ணீர் நமக்கு எதற்கு?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை மூன்று நாட்களாக விடவில்லை. கோவையில் கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: "அண்ணா, நியூயார்க்கில் யாரோ ஒருவர் டோனி விருது வாங்குகிறார். அவர் நடித்த நாடகத்தை நான் பார்த்ததில்லை, பார்க்க வழியும் இல்லை. ஆனால் அவர் மேடையில் நின்று பேசும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. இது எதனால்? உங்களுக்கு அப்படி மகிழ்ச்சி கொடுத்த வெற்றி எது?"

டோனி என்பது பிராட்வே எனப்படும் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளில் நடக்கும் நாடகங்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் விருது. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆந்த்ரே டி ஷீல்ட்ஸ் என்ற அமெரிக்க நடிகரின் வெற்றி. 2019 ஜூன் மாதம், 'ஹேடிஸ்டவுன்' இசை நாடகத்தில் ஹெர்மிஸ் என்ற கிரேக்கத் தெய்வமாக நடித்ததற்காகச் சிறந்த துணை நடிகர் விருது வாங்கினார். அப்போது அவருக்கு வயது 73. அதுதான் முதல் டோனி. பால்டிமோர் நகரத்தில் 11 பிள்ளைகளில் ஒன்பதாவதாகப் பிறந்தவர். மேடை ஏறியதும் சொந்த ஊரைத்தான் கூப்பிட்டார். நியூயார்க்குக்குப் போய், எங்கள் ஊர்ப் பிள்ளை என்று நீங்கள் பெருமையோடு சொல்லும்படி ஆகிக் காட்டுகிறேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்றார். அவசரமே இல்லாத குரல். போக வேண்டிய இடத்துக்கு மெதுவாகப் போவதுதான் விரைவாகப் போகும் வழி என்றும் சொன்னார். 73 வயதில் அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.

இதே மனிதர் 1975-இல் 'தி விஸ்' நாடகத்தில் தலைப்புப் பாத்திரமாகவே நடித்தவர். அந்த ஆண்டு அந்த நாடகம் ஏழு டோனி வென்றது. இவர் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. நடுவில் 44 ஆண்டுகள்.

இங்கேதான் தங்கையின் முதல் கேள்வி வருகிறது. என் பேச்சுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் எந்தச் சொல்லுக்கு வருவேன் என்று தெரியும். சாட்சி. திரைப்படத்தில் ஒருவர் நன்றாக நடித்தால் அது பெட்டிக்குள் இருக்கிறது, 50 ஆண்டு கழித்தும் எடுத்துப் போட்டுக் காட்டலாம். நாடகத்தில் ஒருவர் நன்றாக நடித்தால், திரை விழுந்ததும் அது போய்விட்டது. பார்த்தவர்களின் நெஞ்சைத் தவிர அதற்கு வேறு இருப்பிடம் கிடையாது. "அன்றைக்கு அவர் நடித்தாரே, அது சாதாரணம் இல்லை" என்று பார்த்தவர் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்பவர் தலையாட்டுவார், நம்பமாட்டார். பிறகு ஒரு நாள் விருது வருகிறது. நான் கண்டது பொய் இல்லை என்று அந்தப் பழைய ரசிகருக்கு ஊரறிய ஒரு சான்று கிடைக்கிறது. விருது நடிகருக்குத்தான். ஆனால் வழக்கில் ஜெயித்தது சாட்சி.

அமெரிக்க நடிகை சிசிலி டைசனை எடுத்துக்கொள்ளுங்கள். 2013, 'தி ட்ரிப் டு பவுண்டிஃபுல்'. பழைய ஊரைச் சாவதற்குள் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று, மகன் வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பிப் பஸ் ஏறும் பாட்டி வேடம். வழியில் பழைய கிறிஸ்தவப் பாட்டு ஒன்றைப் பாடத் தொடங்குவார். பார்வையாளர்கள் கூடச் சேர்ந்து பாடிவிட்டார்கள். யாரும் அவர்களைப் பாடச் சொல்லவில்லை. சிறு வயதில் தேவாலயத்தில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பாடிய பாட்டு, எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? 88 வயதில் அந்த வேடத்துக்காகச் சிறந்த நடிகை விருது வாங்கினார் டைசன். கடைசியாக மேடையில் நின்று 30 ஆண்டுகள் ஆகியிருந்தன, இன்னும் ஒரே ஒரு நல்ல வேடம் போதும் என்று ஏங்கினேன், பேராசைப்படவில்லை என்று சொன்னார். அன்றிரவு, கூடப் பாடிய அத்தனை பேரும் ஜெயித்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, அவர்கள் பார்த்தவர்கள். நாம் பார்க்கவில்லையே என்பதுதானே தங்கையின் கேள்வி. இதற்குப் பதில் 'மெரிலி வி ரோல் அலாங்' என்ற நாடகத்தில் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த கதை.

ஸ்டீபன் சாண்ட்ஹைம் இசை, ஹால் பிரின்ஸ் இயக்கம். 1981 நவம்பரில் பிராட்வேயில் திறந்தார்கள். மூன்று நண்பர்களின் கதை, பின்னோக்கி நகரும். கசந்துபோன நடுவயதில் தொடங்கி, ஒரு மொட்டை மாடியில் வானத்தில் ஸ்புட்னிக் செயற்கைக்கோளைத் தேடும் இளமையில் முடியும். நடித்தவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். யார் யார் என்று பார்வையாளர்களுக்குப் புரியவில்லை. தைத்த உடைகளை ஒதுக்கிவிட்டு, பாத்திரத்தின் பெயரை நெஞ்சில் அச்சடித்த பனியன்களை மாட்டிவிட்டார்கள். அதுவும் கைகொடுக்கவில்லை. 16 காட்சிகளோடு மூடிவிட்டார்கள். மூடிய மறுநாளே அந்தப் பிள்ளைகள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் எல்லாப் பாட்டையும் பாடிப் பதிவு செய்தார்கள். முந்தைய இரவு வேலை போய்விட்டது. கேட்க ஆள் வருமா என்றும் தெரியாது. அந்தப் பதிவில் 'அவர் டைம்' என்ற பாட்டைக் கேட்டால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. தோற்றுப்போன பிள்ளைகள், உலகம் இனி நம்முடையது என்று பாடுகிறார்கள்.

அந்த இசைத்தட்டுதான் நாடகத்தைச் சாகவிடவில்லை. நாடகத்தைப் பார்க்காத எத்தனையோ பேர் அதைக் கேட்டே சாட்சியானார்கள். நானும் அப்படித்தான். 1992-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அதே நாடகத்தில் நடித்த மரியா ஃப்ரீட்மன், 20 ஆண்டு கழித்து லண்டனில் அதை இயக்கினார், பிறகு நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். 2024-இல் சிறந்த மறு அரங்கேற்றம் என்று அந்த நாடகத்துக்கே டோனி. ஜோனதன் கிராஃபுக்கும் டேனியல் ராட்கிளிஃபுக்கும் நடிப்பு விருதுகள். ஃப்ரீட்மனுக்கு இயக்குநர் விருது வரவில்லை, எனக்கு அது இன்னும் ஒரு குறைதான்.

எல்லோரும் கிராஃப் பேசியதைப் பார்த்து அழுதார்கள். நான் அழுதது வேறு விருதுக்கு. 1981-இல் இந்த நாடகத்துக்கு வாத்திய அமைப்பு எழுதியவர் ஜோனதன் ட்யூனிக். 2024-இல் இதே நாடகத்துக்கு வாத்திய அமைப்புக்கான விருது வாங்கியவரும் அவரேதான், 86 வயதில். சாண்ட்ஹைம் 2021-இல் போய்விட்டார், பிரின்ஸ் 2019-இல். வசனம் எழுதிய ஜார்ஜ் ஃபர்த் அதற்கும் முன்பே, 2008-இல். அந்த 16 இரவுகளுக்கு உள்ளிருந்து சாட்சி சொல்ல இந்த முதியவர் இருந்தார். வயலின் எங்கே நுழைய வேண்டும், ட்ரம்பெட் எங்கே ஓய வேண்டும் என்று எழுதிய அதே கை போய் அந்த விருதை வாங்கியது.

தங்கைக்கு இது போதும் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்காத ஒன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன். விருது வாங்குபவர் எந்த வழியாக மேடைக்கு வருகிறார் என்று யாராவது கேட்கக்கூடாதா?

டி ஷீல்ட்ஸ் வென்ற அதே இரவு, 'ஓக்லஹோமா!' நாடகத்துக்காக ஆலி ஸ்ட்ரோக்கர் சிறந்த துணை நடிகை விருது வாங்கினார். இரண்டு வயதில் கார் விபத்து, அதிலிருந்து சக்கர நாற்காலி. சக்கர நாற்காலியில் இருப்பவர் டோனி வாங்கியது அதுவே முதல் முறை. தங்களைப் போன்ற ஒருவரை இந்த மேடையில் பார்க்கக் காத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த விருது என்றார். நம் நாட்டில் அப்போது திங்கட்கிழமை காலை. அந்தப் பேச்சை அடுப்படியில் நின்றபடி அம்மாவுக்குக் காட்டினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, இரண்டு படி என்றாலும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். பார்த்துவிட்டுக் கேட்டார்: "மற்றவர்கள் எல்லாம் கீழேயிருந்துதானே ஏறி வருவார்கள் என்றாய்? இந்தப் பொண்ணு மட்டும் ஏன் உள்ளேயிருந்து வருகிறது?"

அன்று விழா நடந்த அரங்கில் பார்வையாளர் பகுதியிலிருந்து மேடைக்குச் சாய்தளம் இருக்கவில்லை. அதனால் ஸ்ட்ரோக்கர் மேடைக்குப் பின்னால் காத்திருந்தார். அரங்குகளில் பார்க்க வருபவர்களுக்கு வழி செய்திருக்கிறார்கள், நடிக்க வருபவர்களுக்கு மேடையின் பின்பகுதியில் வழி இல்லை என்று அவரே அன்றிரவு பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

உங்கள் ஊர் நாடக அரங்குக்குப் போனால், மேடைக்கு எத்தனை படி, பக்கத்தில் சாய்தளம் உண்டா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் அந்தக் கடிதங்களை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன்.