பாவாடையில் ஒரு பாக்கெட்

நேயர்களுக்கு வணக்கம். மன்னார்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு தகப்பன் பேசினால் நன்றாக இருக்கும் என்று வானொலியிலிருந்து அழைத்தார்கள். எனக்குத் தெரிந்த பிள்ளை ஒன்றே ஒன்றுதான், என் மகள். நாலு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. அவளைப் பற்றியே பேசுகிறேன்.

பிள்ளைகள் வளர்வதை இஞ்ச் டேப்பில் பார்க்கிற தொழில் என்னுடையது. பட்டுப் பாவாடை தைக்கக் கொடுக்கிற அம்மாக்கள் எல்லாரும், "மடிப்பு வச்சுத் தைங்கண்ணே, அடுத்த வருஷமும் போடணும்" என்பார்கள். உள்ளே இரண்டு மடிப்புப் பிடித்துக் கொடுப்பேன். வருஷம் திரும்பியதும் அதைப் பிரித்துவிடச் சொல்லி எடுத்து வருவார்கள். என் மகளுக்குப் போன தீபாவளிக்கு 21 இஞ்ச் பாவாடை, இந்தத் தீபாவளிக்கு 23. உடம்பு வளர்ந்ததை டேப் சொல்லிவிட்டது. குணம் வளர்ந்ததை நான் உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பள்ளியில் எனக்குத் தமிழ் நடத்திய ஐயா இன்றும் என்னிடம்தான் சட்டை தைக்கிறார். மகள் பிறந்த சேதி கேட்டு வந்தவர், பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களையும் மாதக் கணக்கோடு சொன்னார். 3-ஆம் மாதம் காப்பு. 5-ஆம் மாதம் கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை. 9-ஆம் மாதம் கை கொட்டும் சப்பாணி. 13-ஆம் மாதம் தளர்நடை போட்டு வரும் வருகைப் பருவம். இப்படியே 21-ஆம் மாதம் வரைக்கும் போகிறது. நானும் என் மனைவியும் காலண்டரில் குறித்து வைத்துப் பார்த்தோம். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தலை நிமிர்த்தியதும் கை கொட்டியதும் நடந்ததும் அந்தக் கணக்கை ஒட்டித்தான் வந்தன.

ஆனால் அதெல்லாம் ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் செய்வது. இவள் யார் என்பது இரண்டு வயதுக்கு மேல்தான் தெரிய ஆரம்பித்தது. முதலில் தெரிந்தது, வெளியாட்களிடம் வாயே திறக்க மாட்டாள் என்பது. வீட்டில் அப்பாயியோடு ஓயாத பேச்சு. கடைக்கு ஆள் வந்தால் மிஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். "பேரு என்ன பாப்பா?" என்று கேட்டால் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு நாலு பேரோட பேசக் கத்துக்குடு தம்பி" என்பார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கும். ஒருமுறை விருந்தாளிகள் முன்னால், பாடு பாடு என்று அவளை விடாமல் வற்புறுத்தினேன். உதடு துடித்துக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. அன்றைக்கு அப்படிச் செய்தது இன்றும் மனதை அறுக்கிறது.

அப்புறம் நூலகத்தில் ஒரு கட்டுரை படித்தேன். நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி 1956-இல் ஆரம்பித்து, 100-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். கைக்குழந்தைப் பருவத்திலேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் இருக்கிறது என்று கண்டார்கள். 100-க்கு 15 குழந்தைகள் புது ஆளையும் புது இடத்தையும் கண்டால் முதலில் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, நிதானமாகத்தான் பழகும். அதை ஒரு குறையாக அவர்கள் எழுதவில்லை. அந்தச் சுபாவத்துக்குத் தோதாகப் பெற்றவர்கள் நடந்துகொள்கிறார்களா என்பதுதான் முக்கியம் என்றார்கள். படித்து முடித்ததும் நேரே வீட்டுக்குப் போய் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டேன். என்ன விஷயம் என்று என் மனைவிக்குப் புரியவில்லை.

போன வைகாசியில் என் தங்கை மகனுக்கு ஐயனார் கோயிலில் காதுகுத்து. நான் தாய்மாமன், பையன் என் மடியில். அவன் போட்ட கூச்சலில் என் மகள் எங்கே போனாள் என்று பார்க்க முடியவில்லை. சடங்கு முடிந்து தேடினால், வெளியே வேப்பமரத்தடியில் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். தாறுமாறாகக் கிடந்த நாற்பது ஜோடியையும் ஜோடி சேர்த்து வரிசையாக வைத்திருக்கிறாள். சாப்பாட்டுக்குக் கிளம்பி ஆட்கள் வெளியே வந்தார்கள். அவரவர் செருப்பை எடுத்து அவரவர் காலடியில் வைத்தாள். என் மச்சானின் வார் அறுந்து ஊக்குப் போட்ட செருப்பு, என் அம்மாவின் தேய்ந்த ரப்பர் செருப்பு, ஒன்றும் மாறவில்லை. பெரியம்மா முறையில் ஒருவர், அன்று காலையில்தான் திருவாரூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர், "இது பேசுமா, பேசாதா?" என்று அவளைக் கேட்டிருந்தார். அவர் செருப்பும் அவர் காலடிக்கு வந்தது. அவர் குனிந்து அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பேசாமல் நின்ற நேரமெல்லாம் என் பிள்ளை மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், கால்வரைக்கும்! நான் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கே அப்படிப் பார்க்கத் தெரியாது.

இந்தத் தீபாவளிக்கு அளவெடுக்கும்போது, "அப்பா, பாக்கெட் வேணும்" என்றாள். பாவாடைக்கு யாரும் பாக்கெட் வைப்பதில்லை, கொசுவத்தில் இடிக்கும் என்றேன். "உன் சட்டைக்கு இருக்குல்ல?" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. வெட்டுகிற மேஜைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றாள். நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்துத் திரும்பிப் பார்க்கும்போதும் நின்றாள். சரி என்று, பக்கத் தையலைப் பிரித்து உள்பக்கமாக ஒரு பாக்கெட் வைத்தேன். அன்று ராத்திரி பாவாடையை மடிக்கும்போது கையை விட்டுப் பார்த்தேன். ஐந்து புளியங்கொட்டை, ஒரு உடைந்த பொத்தான், என் கடை நூல்கண்டின் கடைசி முழ நீலநூல். எடுத்ததை எடுத்தபடி திரும்பப் போட்டு வைத்தேன்.

போன வாரம் ஒரு சின்னப் பெண் தன் அம்மாவோடு பாவாடைத் துணி கொண்டுவந்தாள். என் மகள் மிஷினுக்குப் பின்னாலிருந்து வந்தாள். ஒன்றும் பேசவில்லை. பாக்கெட்டில் கையை விட்டு ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் காட்டினாள், மறுபடி உள்ளே போட்டாள். அந்தப் பிள்ளை அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "எனக்கும்" என்றது. அளவு நோட்டில் 22 இஞ்சுக்குப் பக்கத்தில் 'வலது பக்கம் பாக்கெட்' என்று எழுதிக்கொண்டேன்.

வணக்கம்.