வானிலை அறிக்கையை எவ்வளவு நம்பலாம்?

நண்பர்களே, "அவங்க மழைன்னு சொன்னா வெயில் அடிக்கும்" என்று ஒரு பேச்சு நம்மிடம் எப்போதும் உண்டு. எனக்கு அது பிடிப்பதே இல்லை. சொன்னபடி மழை பெய்த நாட்களை யாரும் நினைவில் வைப்பதில்லை, குடையைச் சும்மா சுமந்து திரிந்த நாள்தான் மனதில் நிற்கிறது. சரி, இந்தத் துறை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்று பார்ப்போம்.

1859இல் வேல்ஸ் கரையோரம் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் புயலில் நொறுங்கி நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது பிரிட்டனின் வானிலைத் துறைக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய், கரையோர ஊர்களின் அளவுகளைத் தந்தி மூலம் திரட்டி 1861இல் புயல் எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தார். அதே ஆண்டு நாளிதழில் முன்னறிவிப்பும் வந்தது. கையில் இருந்தது சில ஊர்களின் அளவும் அனுபவமும்தான், அதனால் கணிப்பு தப்பியது, கேலியும் கிளம்பியது. 1865இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார், அடுத்த ஆண்டே எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். ஆனால் கடலை நம்பிப் பிழைத்தவர்கள் விடவில்லை, கேட்டுக் கேட்டு 1867இல் புயல் எச்சரிக்கையைத் திரும்பக் கொண்டுவர வைத்தார்கள்.

அப்புறம் பிரிட்டன் கணித அறிஞர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்தபடியே, 1910 மே 20ஆம் தேதியின் வானிலையைச் சமன்பாடுகளை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது, அன்று உண்மையில் அழுத்தம் அசையவே இல்லை என்று சொல்லலாம். அந்தத் தோற்றுப்போன கணக்கை அவர் ஒளிக்காமல் 1922இல் நூலாகவே வெளியிட்டார், அதற்காகவே அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. அவருடைய வழி சரியானதுதான். தொடக்க அளவுகளில் இருந்த பிசிறுகள்தான் விடையைக் கெடுத்தன, அவற்றை வடிகட்டிவிட்டுப் பிற்காலத்தில் அதே கணக்கைப் போட்டபோது நம்பும்படியான விடை வந்தது.

1950இல் எனியாக் கணினி, ஒரு நாளைய வானிலையைக் கணிக்கக் கிட்டத்தட்ட ஒரு நாளையே எடுத்துக்கொண்டது. இன்று செயற்கைக்கோள், விமானம், கப்பல், மிதவை, பலூன் என்று எல்லாப் பக்கமிருந்தும் அளவுகள் வந்து குவிகின்றன. அதன் பலன், முன்னறிவிப்பு பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் வளர்ந்திருக்கிறது: இன்றைய ஐந்து நாள் கணிப்பு, இருபது வருடத்துக்கு முந்தைய மூன்று நாள் கணிப்புக்குச் சமம்.

எல்லை இல்லையா என்றால், உண்டு. 1961இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரென்ஸ் தன் கணினியில் ஓட்டிய வானிலைக் கணக்குக்குத் தொடக்க எண்ணாக 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506 என்று கொடுத்தார், கொஞ்ச நேரத்தில் கணினி காட்டிய வானிலையே வேறாகிப் போனது. அதனால்தான் இப்போது ஒரே கணிப்போடு நிறுத்துவதில்லை, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் 50 தடவை ஓட்டிப் பார்க்கிறது. மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்று நீங்கள் படிப்பது அப்படிக் கிடைப்பதுதான். அப்படிச் சொன்ன பல நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் சராசரியாகப் பத்துக்கு மூன்று நாள் மழை பெய்யத்தான் வேண்டும், பெய்யாவிட்டால்தான் கணிப்பில் கோளாறு.

எங்கே இன்னும் தடுமாறுகிறது? எந்தத் தெருவில் இடிமழை இறங்கும் என்பதில். புயல் எந்தப் பக்கம் போகும் என்பதைவிட எவ்வளவு வேகமாக வலுக்கும் என்பதில். 2023 அக்டோபரில் ஓட்டிஸ் புயல் ஒரே நாளில் ஐந்தாம் வகைச் சூறாவளியாக வளர்ந்து மெக்சிகோவின் அகாபுல்கோவைத் தாக்கியது, அந்த வேகத்தை முன்னணிக் கணினிக் கணிப்பு மாதிரிகள் முன்கூட்டிப் பிடிக்கவில்லை.

ஆகவே நாளைக்கும் மறுநாளுக்கும் சொல்வதைத் தைரியமாக நம்புங்கள், ஐந்து நாள்வரை நம்பித் திட்டம் போடுங்கள், அதற்கு மேல் தினமும் புதிதாக வருவதைப் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டிய ஒரு தேதிக்கு உங்கள் செல்போன் மழை மேகப் படம் காட்டினால், அதை வைத்துக் கல்யாணத் தேதியை மாற்றாதீர்கள்.