"ஒரு மாதிரி இருந்துச்சு": கலங்கடிக்கும் நாவல்களைப் பற்றி எப்படிப் பேசுவது?

[காட்சி: தண்டையார்பேட்டை, ஞாயிறு மாலை. ஒரு மொட்டை மாடி. பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் புத்தகங்கள்.]

வணக்கம். மனசைக் கலங்கடிக்கிற ஒரு நாவலைப் படித்து முடித்தவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு மாதிரி இருந்துச்சு" என்பார். அதோடு பேச்சு நின்றுவிடும். டீ வரும், மேட்ச் ஸ்கோர் வரும், புத்தகம் போய்விடும். அந்த "ஒரு மாதிரி"க்கு அப்புறம் என்ன பேசலாம் என்பதுதான் இந்த வீடியோ.

நான் போய்வரும் வாசகர் கூட்டம் இந்த மாடியில்தான் நடக்கிறது. துறைமுகத்தில் ஷிஃப்ட் பார்க்கும் ஒரு அண்ணன், ராயபுரத்தில் டெய்லர் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, கல்லூரிப் பசங்க சிலர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். விமர்சகர் என்று யாரும் கிடையாது, அது ஒருவிதத்தில் வசதி. இங்கே முதலில் "பிடித்ததா?" என்று கேட்பதில்லை. "எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள்?" என்றுதான் கேட்போம்.

பதில் சொல்ல யாரும் பெரிய கருத்தெல்லாம் யோசிக்க வேண்டாம், பக்க எண் போதும். ஆனால் ஒருவர் மூடிய பக்கமும் இன்னொருவர் மூடிய பக்கமும் ஒன்றாக இருக்காது. பேச்சு அங்கேதான் பிடித்துக்கொள்ளும்.

[திரையில்: ஏழாம் உலகம், ஜெயமோகன், 2003]

உடல் ஊனமுற்றவர்களைப் பிச்சையெடுக்க வைத்து, ஆட்களையே வாங்கி விற்கும் போத்திவேலு பண்டாரத்தின் கதை. பாலாவின் 'நான் கடவுள்' படத்துக்கு அடிப்படை இந்த நாவல்தான். பண்டாரத்துக்கு அந்த மனிதர்கள் வெறும் 'உருப்படிகள்'. கொடுமை உச்சத்துக்குப் போகும் பகுதியில்தான் எல்லோரும் மூடியிருப்பார்கள் என்று நினைத்தேன். டெய்லர் அக்கா மூடியது வேறு இடத்தில். பண்டாரம் தன் மகள்களுக்காக உருகுகிறாரே, அங்கே. "அவன் ராட்சசனா இருந்தா படிச்சிட்டுப் போயிருப்பேன். நல்ல அப்பனா இருக்கானே, அதான் தாங்கல" என்றார். அண்ணன் நிறுத்தியது, அந்த மனிதர்கள் தங்களுக்குள் கிண்டலடித்துச் சிரிக்கும் பகுதியில். "நானும் சேர்ந்து சிரிச்சிட்டேன். அப்புறம் முடியல."

இந்த இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெறுத்து ஒதுக்க ஒரு வில்லனை இந்த நாவல் தரவில்லை. பாவம் என்று சொல்லிவிட்டு நகரவும் விடவில்லை. ரத்தத்தைக் காட்டிப் பதற வைப்பது எந்தக் கதைக்கும் முடியும். தப்பிக்கிற வழியை இப்படி இரண்டு பக்கமும் அடைப்பதுதான் கடினம். என் கணக்கில் தமிழில் இதை இவ்வளவு தூரம் கொண்டுபோன நாவல்கள் குறைவு.

[திரையில்: ஹான் காங். சர்வதேச புக்கர் பரிசு 2016, நோபல் பரிசு 2024]

அடுத்து, யார் கதை சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஹான் காங்கின் கொரிய நாவல் 2007இல் வந்தது, தமிழில் 'மரக்கறி'. ஒரு கனவு கண்டபின் ஒரு பெண் இறைச்சி சாப்பிடுவதை விட்டுவிடுகிறாள். கதை அவ்வளவுதான், ஆனால் குடும்பமே ஆடிப்போகிறது. காசிமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம் இந்த நாவலைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீனும் கறியும் வேண்டாம் என்று மருமகள் சொன்னால் என்ன நடக்கும் என்று எங்களில் எல்லோருக்கும் தெரியும். அதனால் முதல் அரை மணி நேரம் கூட்டத்தில் பாதிப்பேர் புருஷன் கட்சி. "அந்த ஆளு என்னதான் பண்ணுவான், பாவம்."

அப்போது கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணா, இதையெல்லாம் சொல்றது யாரு?" முதல் பகுதியைச் சொல்வது புருஷன். இரண்டாம் பகுதி அக்காள் புருஷனின் பார்வை. மூன்றாவது அக்காளின் பார்வை. அந்தப் பெண் தன் வாயால் சொல்வது துண்டு துண்டான கனவுகள் மட்டும். அப்பா அவள் வாயில் இறைச்சியைத் திணிக்கும் காட்சியைக்கூட நாம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர் கண்ணால்தான் பார்க்கிறோம். பையன் கேட்டபின் கட்சி மாறியவர்கள் உண்டு, மாறாதவர்களும் உண்டு. சண்டை தெருமுனை வரை போனது.

[திரையில்: உருமாற்றம், ஃபிரான்ஸ் காஃப்கா, 1915]

விடுகதை மாதிரி விடை தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காஃப்காவின் கிரகோர் சாம்சா என்ன பூச்சியாக மாறினான்? எங்கள் மாடியில் கரப்பான் என்று ஒரு கட்சி, வண்டு என்று ஒரு கட்சி. எழுத்தாளர் நபக்கோவ்கூட வண்டுதான் என்று படம் வரைந்து பாடம் நடத்தியவர். ஆனால் புத்தகம் அச்சாகும்போது, அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். அட்டையில் வந்தது முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர், பின்னால் திறந்த கதவு. எங்கள் தமிழாசிரியர் இதைச் சொன்னதும் பூச்சியை விட்டுவிட்டோம். அப்புறம்தான் கண்ணில் பட்டது: உடம்பே மாறிப்போன அந்தக் காலையில் அவன் பெரிய கவலை, ஐந்து மணி ரயில் போய்விட்டதே என்பது. "ஷிஃப்ட்டுக்கு லேட்டானா அப்படித்தான்" என்றார் துறைமுக அண்ணன், சாதாரணமாக.

கோபம் வந்தால் அதையும் சொல்லலாம். சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஊரே சேர்ந்து கல்லெறிந்து கொல்லும் ஒரு சடங்கைப் பற்றியது ஷிர்லி ஜாக்சனின் 'லாட்டரி' சிறுகதை. அது 1948இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்தபோது அவருக்கு 300க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. அன்பாக எழுதியவர்கள் 13 பேர், அவர்களும் பெரும்பாலும் நண்பர்கள். அந்தச் சடங்கு எங்கே நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்றுகூடச் சிலர் கேட்டிருக்கிறார்கள்! கதையைவிட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு சின்ன நடைமுறை விஷயம். புத்தகத்தைக் கைமாற்றும்போது அதில் பாலியல் வன்முறையோ தற்கொலையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதை கெட்டுவிடாது. காஃப்கா தன் பெரிய திருப்பத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார், என்ன குறைந்துவிட்டது? பேச்சுக்கு நடுவே யாராவது எழுந்து போனால் காரணம் கேட்கவும் வேண்டாம்.

[திரையில்: இடைவெளி, சம்பத், 1984]

கடைசியாக, எங்கள் மாடியில் இன்னும் தீராத ஒரு வழக்கு. தினகரன் என்ற குடும்பஸ்தன், சாவு என்றால் என்ன என்ற ஒரே கேள்வியில் மூழ்கிப்போகும் நாவல் இது. பேய் கிடையாது, கொலை கிடையாது. நாவல் புத்தகமாக வந்த அதே ஆண்டில் சம்பத்தும் இறந்துபோனார்.

வடசென்னையில் சாவு தெருவுக்கே சொந்தம். ஷாமியானா, சாவு மேளம், விடிய விடிய மரண கானா. அதனால் அண்ணனுக்குக் கதை புரியாமல் இல்லை, அந்தத் தனிமைதான் ஆகவில்லை. "ஒரு ஆளு தனியா உக்காந்து சாவைப் பத்தியே யோசிக்கிறான் பாரு, அதான் பயமா இருக்கு. நம்ம தெருவுல அதுக்கு நேரமே தர மாட்டாங்க." தமிழாசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. கானா பாடுகிறவன் ராத்திரி முழுக்கக் கேட்பதும் அதே கேள்விதான், தினகரனுக்குக் கூடப் பாட ஆள் இல்லை, அவ்வளவுதான் என்றார். அப்படியென்றால் கூட ஆள் இல்லாததுதானே கதையே என்று அக்கா இடையில் புகுந்தார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. சின்ன நாவல்தான், ஒரே நாளில் படித்துவிடலாம். அடுத்த கூட்டத்துக்கும் அதையே வைத்திருக்கிறோம்.