இந்தக் காய் இன்னும் முத்தவில்லை

நடுவர் அவர்களுக்கும், அவையோருக்கும், எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவரை நிமிர்த்தி நிறுத்துவது சந்தைப்படுத்தலா, அணியை நடத்தும் தலைமையா என்பது இன்றைய கேள்வி. தலைமையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சற்று முன்பு, "வாங்க ஆளில்லாத கடையில் உங்கள் அணி என்ன செய்யும்? உட்கார்ந்து ஈ ஓட்டும்!" என்றார். அரங்கம் அதிரக் கைதட்டினீர்கள். மாம்பழத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் நின்றுகொண்டு அவர் ஈயைப் பற்றிப் பேசிவிட்டார். ஆகவே, ஒரு கடைக்கு ஈ எப்போது வரும் என்பதை அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் நான் இறங்க வேண்டும்.

என் அக்கா மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு கொட்டகை பிடித்து, தோட்டத்து மாம்பழத்தை நேரடியாக வீடுகளுக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்கினான். அவனையும் சேர்த்து ஐந்து பேர். பெட்டி கட்ட இரண்டு இளைஞர்கள், வண்டி ஓட்ட ஒருவர், காய் தரம் பிரிக்க ஓர் அம்மா. அந்த அம்மா 30 ஆண்டுகளாக மண்டிகளில் காய் பிரித்தவர். சேமிப்பில் பெரும்பகுதியை அவன் இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் போட்டான். விளம்பரம் பலித்தது. எதிரணி நண்பர்களே, உங்கள் கட்சி வென்ற கதையைத்தான் சொல்கிறேன். ஒரே வாரத்தில் 300 பெட்டிகளுக்குப் பணம் வந்து சேர்ந்தது.

செந்தூராக் காய் கொட்டகைக்கு வந்து இறங்கிய அன்று, அந்த அம்மா ஒரு காயைக் கையிலெடுத்துக் காம்படியைத் தடவிப் பார்த்து, "தம்பி, தோள் இன்னும் பொடைக்கலை, இந்தக் காய் முத்தலை" என்றார். அவன் அப்போது காய்க்குவியலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "அக்கா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள், படத்தில் விழுகிறீர்கள்" என்றான். அவரும் ஒதுங்கி நின்றார். நடுவர் அவர்களே, அந்த வாக்கியத்தை நான் மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டும். காயை அறிந்த ஒரே மனிதரிடம், "ஒதுங்கி நில்லுங்கள், படத்தில் விழுகிறீர்கள்" என்று அந்த நிறுவனத்தின் தலைவன் சொன்னான்.

அவர் அத்தோடு விடவில்லை. ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பத்துக் காய்களைப் போட்டார். முற்றிய காய் மூழ்கும், முற்றாத காய் மிதக்கும் என்பது இந்த மாவட்டத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஏழு காய்கள் மிதந்தன. வாளியை அப்படியே அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தார். அவன் தள்ளுபடி பற்றித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் பார்க்கலாம் என்று கையசைத்தான். மூன்றாம் முறை, பெட்டிகள் ஏறி வண்டி கிளம்பும் நேரத்தில், அவர் வாயே திறக்கவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுமார் 100 கிலோமீட்டர் தாண்டிப் பெங்களூருக்குப் போன பழம் வெம்பிச் சுருங்கியது. வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அடுத்த வாரம் அதே வண்டி 140 பெட்டிகளைச் சுமந்துகொண்டு அதே கொட்டகைக்குத் திரும்பியது. அன்றைக்குத்தான், எதிரணித் தலைவர் அவர்களே, ஈ வந்தது. வாங்க ஆளில்லாத கடைக்கு அது வரவில்லை. 300 பேர் வரிசையில் நின்று வாங்கிய கடைக்கு வந்தது. அந்த ஈயை விளம்பரத்தால் ஓட்ட முடியவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடுவீர்கள் என்பதால் ஒரு கணக்கையும் வைக்கிறேன். மூடப்பட்ட 101 தொடக்க நிறுவனங்கள் தாமே சொன்ன காரணங்களை சிபி இன்சைட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2014இல் தொகுத்தது. ஒரே நிறுவனம் பல காரணங்களைச் சொல்லியிருக்கலாம். மோசமான சந்தைப்படுத்தல் என்றவை 14 விழுக்காடு, சரியான அணி அமையவில்லை என்றவை 23 விழுக்காடு. அவற்றுக்கெல்லாம் மேலே, 42 விழுக்காட்டோடு, சந்தையில் தேவையே இல்லாத பொருளைச் செய்தோம் என்ற காரணம் நிற்கிறது; அதைத் தம் பக்கத்துச் சான்றாக எதிரணி எடுத்துக்கொள்ளப் பார்க்கும். பொருள் வேண்டாம் என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பதை முதலில் காண்பவர் யார்? பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஓட்டுநரும், தொலைபேசி எடுக்கும் பெண்ணும்தானே? அவர்கள் கண்டதை அச்சமின்றி வந்து சொல்லும்படி நிறுவனத்தை வைத்திருப்பது சந்தைப்படுத்தலின் வேலையன்று, தலைமையின் வேலை. டொயோட்டா கார் ஆலைகளில் நெடுங்காலமாக, குறை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்த முடிந்தது. நம் அம்மாவிடம் அன்றைக்குக் கயிறு இல்லை. ஒரு வாளி மட்டுமே இருந்தது.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், டைட்டன் கடிகார விளம்பரத்தில் ஒலித்த மோட்சார்ட் இசையைப் பாராட்டினார். நானும் அதைக் கேட்டு மகிழ்ந்தவன். ஆனால் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் 1984இல் கைகோத்துத் தொடங்கிய அந்த நிறுவனம், ஓசூரில் ஆலை வைத்தபோது செய்த இன்னொரு காரியத்தை அவர் விட்டுவிட்டார். அன்று ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். பள்ளிப் படிப்பை முடித்த இந்த வட்டாரத்துப் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்து, நுண்ணிய கடிகார வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். வானம் பார்த்த பூமியில் ராகியும் கடலையும் போட்ட வீட்டுப் பிள்ளைகளின் கை அது. அந்தக் கையை நம்பியதால்தான் இசைக்குப் பின்னால் ஓடுகிற கடிகாரம் ஒன்று இருந்தது.

என் அக்கா மகனிடம் திரும்புகிறேன், ஏனெனில் என் மனம் அங்கேதான் இருக்கிறது. தொழிலை மூடிவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். அவன் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டான். அடுத்த பருவத்தில் விளம்பரத்துக்கு அவனிடம் பணம் இல்லை. அந்த அம்மா சரி என்று சொல்லாமல் ஒரு பெட்டியும் கொட்டகையை விட்டு வெளியே போகக் கூடாது என்று மட்டும் விதி வைத்தான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வைத்தான். அதில் 'தரம் பார்த்தவர்' என்று அச்சிட்டிருக்கும். அதன் கீழே அவர் தம் பெயரை எழுதுவார். அவருக்கு எழுதத் தெரிந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். 30 ஆண்டுகளாக மண்டியில் அவரைக் 'காய்க்காரம்மா' என்று கூப்பிட்டார்களே தவிர, அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தவர் ஒருவரும் இல்லை.

பெங்களூரிலிருந்து ஒரு முதியவர், சீட்டில் இருந்த பெயருக்கே கடிதம் போட்டார். சிறுவயதில் அப்பா வாங்கிவந்த பழத்தின் ருசி ஐம்பது வருடங்கள் கழித்துத் திரும்பக் கிடைத்தது என்று தமிழில் எழுதியிருந்தார். என் அக்கா மகன் அதை உரக்கப் படித்துக் காட்டினான். அந்த அம்மா கேட்டுவிட்டு, "முதல்ல எம்பேரு எழுதியிருக்குதே, அங்கிருந்து இன்னொரு தபா படி தம்பி" என்றார். பிறகு கடிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, மீதிக் காயைப் பிரிக்க உட்கார்ந்தார்.

வணக்கம்.