கொத்தனார் தேனீ

எல்லாருக்கும் வணக்கம்.

தேனீ என்ற சொல்லிலேயே தேன் உட்கார்ந்திருக்கிறது. சொன்னவுடன் ராணி, தேனடை, கொட்டு வாங்கிய ஞாபகம் எல்லாம் வரிசையாக வந்துவிடும். மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ என்று நாம் பெயர் சொல்லி அறிந்தவை எல்லாமே கூட்டமாக வாழ்பவைதான். ஆனால் உலகில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை தனிக்கட்டைகள். ராணியும் கிடையாது, வேலைக்காரத் தேனீயும் கிடையாது. தேன் சேமிக்கும் வழக்கமும் இல்லை. ஒவ்வொரு தாயும் தானே கூடு கட்டி, தானே இரை தேடி, தானே முட்டையிட வேண்டும்.

அப்படி ஒரு தாயைச் சில வருஷங்களுக்கு முன் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஏப்ரல் மாதம், இங்கிலாந்தில் ஒரு உறவினர் வீடு. தோட்டத்துச் சுவரில் விரல் பருமன் மூங்கில் குழாய்களைக் கட்டாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். செம்பழுப்பு ரோமத்தோடு ஒரு தேனீ வந்து இறங்கியது. மண்ணால் சுவர் வைத்துக் கூடு கட்டுவதால் இதைக் கொத்தனார் தேனீ என்பார்கள். ஆஸ்மியா பைகார்னிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தலையை முன்னால் விட்டுக் குழாய்க்குள் போனது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கமாகவே வெளியே வந்து, வாசலில் திரும்பி, இப்போது வயிற்றை முன்னால் விட்டு மறுபடி உள்ளே போனது. இது என்ன கூத்து என்று தோன்றியது. விஷயம் எளிது. முதல் முறை போனது, வயிற்றுக்குள் கொண்டுவந்த பூந்தேனைக் கக்குவதற்கு. இரண்டாம் முறை, அடிவயிற்று ரோமத்தில் ஒட்டியிருக்கும் மகரந்தத்தை உதறுவதற்கு. குழாய்க்குள் திரும்ப இடமில்லை. அதனால் ஒவ்வொரு நடைக்கும் இந்த இரட்டை வேலை.

மகரந்த உருண்டை போதுமான அளவு சேர்ந்ததும் அதன் மேல் ஒரு முட்டை. அப்புறம் ஈரமண்ணைத் தாடையில் கவ்விக் கொண்டுவந்து ஒரு தடுப்புச் சுவர். அடுத்த அறை, அடுத்த உருண்டை, அடுத்த முட்டை. கடைசியில் குழாயின் வாயைக் கனமாகப் பூசி அடைத்துவிட்டு, அடுத்த குழாயைத் தேடிப் போய்விடும். தன் பிள்ளைகளை அது பார்ப்பதே இல்லை. ஆறேழு வாரத்தில் அதன் ஆயுள் முடிந்துவிடும். உள்ளே புழு மகரந்தத்தைத் தின்று, பட்டுக்கூடு நெய்து, இலையுதிர் காலத்துக்குள் முழுத் தேனீயாகிவிடும். ஆனாலும் வெளியே வராது. குளிர்காலம் முழுவதும் கூட்டுக்குள்ளேயே கிடந்து அடுத்த வசந்தத்தில்தான் வரும்.

என்னை மிகவும் வியக்க வைப்பது அறைகளின் வரிசை. ஆழத்தில் உள்ள அறைகளில் பெண் முட்டைகள், வாசல் பக்கம் ஆண் முட்டைகள். பெண்ணுக்கு உருண்டை பெரிது, ஆணுக்குச் சிறிது. தாய் தன் உடலில் ஆணின் விந்தணுக்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். பிரான்சின் செரிஞான் ஊரில் வாழ்ந்த பூச்சியியலாளர் ழான் ஆன்ரி ஃபாப்ர் இதன் நெருங்கிய சொந்தங்களான வேறு ஆஸ்மியாக்களைக் கண்ணாடிக் குழாய்களில் கூடு கட்ட வைத்துப் பார்த்தவர். இடம் குறைவாக இருந்தால் தாய் ஆண்களையே இடுவதைக் கண்டார். வீட்டின் அளவைப் பார்த்து மகனா மகளா என்று முடிவு செய்கிற தாய்! வசந்தத்தில் வாசல் பக்கத்து ஆண்கள் முதலில் வெளிவந்து பெண்களுக்காகக் காத்திருக்கும்.

இனி வகைப்பாடு. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த ஸ்வீடனின் லின்னேயஸ் 1758-இல் இந்த ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டார். பெண்ணின் முகத்தில் இரண்டு சின்னக் கொம்புகள் உண்டு, ஆணுக்கு இல்லை. அதனால் பெண்ணை 'இரு கொம்பன்' என்ற பொருளில் பைகார்னிஸ் என்றார். ஆணைத் தனி இனமாக எண்ணிச் சிவப்பன் என்ற பொருளில் ரூஃபா என்றார். நெடுங்காலம் ரூஃபா என்றே எழுதிவந்தார்கள். இன்று பெண்ணின் பெயர்தான் நிலைத்திருக்கிறது. அது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது, வேலை முழுவதையும் செய்வது அவள்தானே.

ஆஸ்மியா பேரினம் மெகாகைலிடே குடும்பத்தைச் சேர்ந்தது. 4,000-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் அது. பெண் மகரந்தத்தைப் பின்னங்காலில் சுமக்காமல் அடிவயிற்றில் சுமப்பது இதன் அடையாளம். இலை வெட்டும் தேனீக்களும் செடியின் பஞ்சைச் சுரண்டிக் கூடு கட்டும் தேனீக்களும் இதே குடும்பம்தான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொத்தனார் என்பது தொழில் பெயர். ஆஸ்மியாக்களிலேயே சில, மண்ணுக்குப் பதில் மென்ற இலையால் சுவர் வைக்கும். ஃபாப்ர் விரிவாக எழுதிய இன்னொரு கொத்தனார்த் தேனீ, கல் மேல் காரைபோலக் கூடு கட்டுவது, இலை வெட்டும் தேனீக்களுக்கு நெருங்கிய சொந்தம். தொழிலை வைத்துச் சாதி சொல்ல முடியாது.

ஜப்பானின் ஆப்பிள் விவசாயிகள் 1940-கள் முதலே ஆஸ்மியா கார்னிஃப்ரான்ஸ் என்ற இனத்தை நாணல் தட்டைகளில் வளர்க்கிறார்கள். வீட்டுத் தேனீ மகரந்தத்தை நனைத்து உருட்டிக் காலில் ஒட்டிக்கொள்ளும். இதுவோ உலர்ந்த தூளாகவே வயிற்றில் சுமப்பதால், போகிற பூவிலெல்லாம் சிந்திக்கொண்டே போகும். குளிரான, மேகம் மூடிய நாளிலும் வேலைக்கு வரும்.

ஆஸ்மியாக்கள் பெரும்பாலும் வட அரைக்கோளத்தின் குளிர்ப் பகுதிகளுக்குரியவை. ஆனால் நம் ஊரிலும் சுவர் ஓட்டையை மண்ணால் அடைக்கிற, இதே குடும்பத்து மெகாகைல் தேனீக்கள் உண்டு. நாம் எல்லாவற்றையும் குளவிக்கூடு என்று சொல்லிக் குச்சியால் நோண்டிவிடுகிறோம். அடுத்த முறை ஜன்னல் கட்டையிலோ பிளக் பாயின்ட்டிலோ மண் உதிர்ந்தால், உள்ளே இருப்பதைப் பாருங்கள். மயங்கிக் கிடக்கும் சிலந்தியோ பச்சைப் புழுவோ இருந்தால் அது குளவியின் வீடு. மஞ்சள் மாவு உருண்டையும் அதன் மேல் அரிசி போல ஒரு வெள்ளை முட்டையும் இருந்தால், அது தேனீ.